பெரிய எலி

சிறுத்தைக்கு விஷம் வைத்தவன் நானல்ல. விற்றவன் நான். எதற்கு வாங்குகிறார் என்று தெரிந்தே விற்றேன். எப்படி வைப்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன். பில்லில் பொய் எழுதினேன். பிறகு ஒரு கிழவியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அதற்கும் பிறகு, வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. மற்றவர் வாயையும் அடைத்தேன்.

வைத்தவரைப் பற்றி நீங்கள் கடுமையாக நினைக்க வேண்டாம். அவருக்கு ஆடு போனது. எனக்கு எதுவும் போகவில்லை.

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் தாலுகாவில், காட்டை ஒட்டிய ஓர் ஊரில் உரக்கடை வைத்திருக்கிறேன். உரம், விதை, பூச்சிமருந்து, தெளிப்பான், கம்பி வலை. ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இன்னும் மூன்று பேர் மாட்டுவார்கள். இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் மாட்டினால் நானும் மாட்டுவேன்.

எங்கள் பக்கம் பெரும்பாலும் மானாவாரி. ராகி, சாமை, நிலக்கடலை, துவரை, கிணறு இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் குச்சிக்கிழங்கு. மழை ஏமாற்றினால் ஆடுதான் கைகொடுக்கும். காலேஜ் பீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, காதுகுத்து எல்லாம் ஆட்டை விற்றுத்தான். ஆண்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விட்டார்கள். ஆட்டைப் பார்த்துக்கொள்வது கிழவிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். பட்டி என்றால் நான்கு பக்கமும் மூங்கில் படல், அதன்மேல் முள். மேலே வானம்.

வயல் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. வீரப்பன் இருந்த காலத்தில் அந்தக் காட்டுக்குள் விறகுக்குப் போகவே பயப்படுவோம். 2004 அக்டோபர் 18ஆம் தேதி பாப்பாரப்பட்டி அருகே அவன் கதை முடிந்தது. 2014இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டரைக் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். காவிரி ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம், மாதேஸ்வரன் மலைச் சரணாலயம். மொத்தமும் ஒரே காடு. சிறுத்தை அதில் எப்போதும் இருந்ததுதான். எங்கள் அப்பா காலத்தில் அதன் சத்தத்தைக் கேட்டால் தகரத்தைத் தட்டுவார்கள். மறுநாள் பட்டிக்கு இன்னும் ஒரு சுற்று முள் வைப்பார்கள். மருந்து வைக்கும் வழக்கம் இல்லை. மருந்து எங்கள் ஊருக்கு வந்ததே கடை வந்த பிறகுதான்.

இனி என் அகந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மீதி புரியாது.

ஊரில் என்னை “டாக்டர்” என்பார்கள். முதலில் கிண்டலாகச் சொன்னது. பிறகு நிஜமாகவே சொன்னார்கள். ஒரு வாடிய இலையைப் பறித்துக்கொண்டு வருவார்கள். நான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். வயலுக்குப் போகமாட்டேன். மருந்து எடுத்துத் தருவேன். பாதி நேரம் ஊகம்தான். பலித்தால் என் பெயர், பலிக்காவிட்டால் மழையின் மேல் பழி. உரக்கடைக்காரர்களுக்கென்று ஹைதராபாத் மேனேஜ் நிறுவனம் நடத்தும் ஓராண்டு டேசி பட்டயப் படிப்பும் முடித்தேன். சான்றிதழைக் கண்ணாடி போட்டு கல்லாவுக்கு மேலே மாட்டினேன். எந்த மருந்து நரம்பைப் பிடிக்கும், எது வயிற்றைப் பிடிக்கும், எதற்கு என்ன மாற்றுமருந்து என்று அந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் காளிக்கவுண்டன்கொட்டாயில் மூன்று பெண் யானைகள் கரண்ட் வேலியில் மாட்டிச் செத்தன. வேலி சட்டத்துக்குப் புறம்பானது. இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்த தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்த படம் எல்லோர் செல்போனிலும் ஓடியது. டீக்கடையில் அந்த விவசாயியை நான் திட்டிய திட்டு இன்னும் ஊரில் சிலருக்கு நினைவிருக்கும். “மனுசனா அவன்” என்று கேட்டேன். அதே வருடம் செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் செத்தன. புலி அடித்த மாட்டின் உடலில் மாட்டுக்காரரே மருந்து கலந்து வைத்திருந்தார். அந்தச் செய்தியையும் படித்தேன். இதைப் படித்துவிட்டுத்தான் நான் விற்றேன். இந்த வரிசையை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தை மாதம். ராகி அறுவடை முடிந்து கதிர் களத்தில் கிடந்த சமயம். தூரத்து உறவில் எனக்கு மாமா முறை ஆகிற ஒருவர் கடைக்கு வந்தார். முந்தின இரவு அவர் பட்டியில் மூன்று ஆடு போயிருந்தது. ஒன்றைத்தான் தூக்கிப் போயிருந்தது. மற்ற இரண்டையும் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பட்டிக்குள் இறங்கிய சிறுத்தைக்கு முன்னால் ஆடுகள் ஓட இடமில்லாமல் முட்டி மோதும்போது அப்படி நடக்கும். வெறியும் அல்ல, பழியும் அல்ல. இரண்டில் ஒன்று சினை ஆடு. அவர் அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

ஆள்கள் இருந்ததால் சற்று நேரம் நின்றார். எல்லோரும் போன பிறகு கேட்டார்.

“மாப்ள, எலிக்கு ஏதாவது குடு. நல்லா வேலை செய்யறதா.”

எலிமருந்து கண்ணெதிரில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. உள் அலமாரியைப் பார்த்தார்.

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். “சின்ன எலிக்கா மாமா, பெரிய எலிக்கா?”

அவரும் சிரித்தார். அழுதுகொண்டிருந்த மனிதர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இதுதான். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்தது. “எதுக்கு மாமா?” என்று நேராகக் கேட்டிருந்தால் அவர் தயங்கியிருப்பார். பொய் சொல்லியிருப்பார், இல்லை விட்டுவிட்டுப் போயிருப்பார். நான்தான் அதை வேடிக்கையாக்கினேன். வேடிக்கையான பிறகு அது குற்றமாகத் தெரியவில்லை, இரண்டு பேருக்கும்.

குருணை மருந்தை எடுத்தேன். வேரில் போடுகிற மருந்து. தின்றால் நரம்பைப் பிடிக்கும். எவ்வளவு, எங்கே, எப்போது என்று சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். அவர் கேட்காததையும் சொன்னேன். ஆட்டு உடலை எங்கே இழுத்துப் போட்டால் மனிதர் கண்ணில் படாது என்பதை நானே யோசித்துச் சொன்னேன். பில்லில் “ராகி” என்று எழுதினேன். ராகி அறுத்தாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். இருப்புப் பதிவேட்டிலும் அப்படியே ஏற்றினேன்.

கடையின் பின்பக்கம் கம்பி வலைச் சுருள்கள் நின்றன. அவருடைய பட்டி அளவுக்கு நாலு பக்கமும் மேலேயும் வலை அடித்திருந்தால் அது சில ஆயிரம் ரூபாய் வேலை. கடனுக்குக் கொடுத்திருக்கலாம். உரத்தைக் கடனுக்குக் கொடுக்கிறவன்தானே நான். மேலே மூடிய பட்டிக்குள் சிறுத்தையால் இறங்க முடியாது என்று எந்த ஆட்டுக்காரரும் சொல்வார். கென்யாவில் மாசாய்கள் முள்வேலிக்குப் பதில் கம்பி வலை போட்டுச் சிங்கத்திடமிருந்து மாட்டைக் காப்பாற்றுகிறார்கள். அங்கேயே ஒரு பையன் பட்டியைச் சுற்றி மாறி மாறி எரியும் விளக்கு வைத்து, ஆள் நடமாடுகிற மாதிரி சிங்கத்தை ஏமாற்றினான். விளக்கும் வேண்டாம், கென்யாவும் வேண்டாம். என் பின்கட்டில் இருந்த சுருளை நான் காட்டவில்லை. அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. பொட்டலம் நூற்றுச்சொச்சம் ரூபாய். அதில் என் லாபம் ஒரு டீ, ஒரு வடை.

மருந்து யாரைத் தேடிப் போகும் என்று வைத்தவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முதலில் காக்கை செத்தது. பிறகு ஓடைக்கரையில் இரண்டு நரி. ஒரு காட்டுப்பூனை. ஒரு கீரி. ஒவ்வொன்றாகக் கடைக்குச் செய்தி வந்தது. கேட்டுக்கொண்டே எடை போட்டுக் கொடுத்தேன். யாரும் நரிக்காகவும் காட்டுப்பூனைக்காகவும் கவலைப்படவில்லை. நானும் படவில்லை. அந்த இரண்டும்தான் எங்கள் வயலில் இரவெல்லாம் எலி பிடித்துக்கொண்டிருந்தவை. அடுத்த நிலக்கடலைப் பருவத்தில் என் கடையில் எலிமருந்து வழக்கத்தைவிட அதிகம் விற்றது. இதற்கு அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. விற்ற பணத்தைக் கல்லாவில் போட்டது மட்டும் நிச்சயம்.

பிறகு ஆயா வந்தார்.

அவருடைய நிலம் மாமாவின் நிலத்துக்கு அடுத்த வரப்பு. ஏழெட்டு ஆடும் ஒரு நாயும்தான் அவருக்குச் சொத்து. மகன் இல்லை. பேரன் அப்போது பிளஸ் டூ. காலையில் நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பேரன் எக்ஸல் வண்டியில் வந்தான். முன்னால் சாக்கில் நாய். பின்னால் ஆயா.

“சாமி, கருப்பன் என்னத்தையோ தின்னுட்டான் போல. காலை இழுக்குது. என்னான்னு பாரு சாமி.”

குனிந்து பார்த்தேன். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. தொடைச் சதை தானாகத் துடித்தது. கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருந்தது. வகுப்பில் படித்த மூன்று அறிகுறியும் வரிசையாக இருந்தன. நான் கட்டிய பொட்டலம் அந்த நாயின் வயிற்றில் இருந்தது.

அரசு கால்நடை மருந்தகம் வண்டியில் போனால் கால்மணி நேரம். கார்பமேட் வகை மருந்து, அட்ரோபின் போட வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். மருந்து டப்பாவோடு வரும் தாளிலேயே மாற்றுமருந்தின் பெயர் அச்சாகியிருக்கும். பேனா சட்டைப் பையில் இருந்தது. ஆனால் சீட்டு என் கையெழுத்தில் இருக்கும். என்ன மருந்து என்று உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். நான் நினைத்தது இவ்வளவுதான். நாயைப் பற்றி நினைக்கவேயில்லை.

“பாம்பு கடிச்சிருக்கும் ஆயா,” என்றேன்.

டாக்டர் சொல்லிவிட்டேன். அவர்கள் நம்பினார்கள். விஷக்கடிக்குப் பச்சிலை கொடுப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். எதிர்த் திசை. அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு அடைத்துச் செத்துப்போனது. மறுநாள் ஆயா வந்து, “நீ சரியாத்தான் சொன்ன சாமி, பாம்புதானாம்,” என்றார். எனக்கு நன்றி சொல்ல வந்திருந்தார். நானும் தலையாட்டினேன்.

சிறுத்தை அதற்கும் சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. ஓடையின் மேல்பக்கம், உண்ணிப் புதருக்குள். நாற்றம் வந்த பிறகு. மாமாவும் அவர் தம்பிகள் இருவரும் இரவில் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். அவ்வளவு சின்ன உடம்பை நான் எதிர்பார்க்கவில்லை. முப்பது, முப்பத்தைந்து கிலோவுக்குமேல் இருக்காது. பெண் சிறுத்தை. ஆட்டுக்காரர் கண் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். மாமாதான் முதலில் பார்த்தார்.

“மாப்ள, மடி கட்டியிருக்கே. பால் குடிக்கிற குட்டி இருக்கும்டா.”

“இருந்தா இருக்கட்டும்,” என்றேன்.

அவர் விடவில்லை. தெரிந்த வனக்காவலர் ஒருவர் இருக்கிறார், பேர் சொல்லாமல் தகவல் மட்டும் சொல்லிவிடலாம், பாறைப் பக்கம் தேடினால் குட்டி கிடைக்கும் என்றார். விஷம் வைத்தவர் இதைச் சொன்னார். தன் ஆட்டைத் தின்ற விலங்கின் குட்டிக்காகச் சொன்னார். சிறுத்தை பொதுவாக இரண்டு மூன்று குட்டி போடும். ஏறக்குறைய மூன்று மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும். பாறை இடுக்கிலோ புதரிலோ ஒளித்து வைத்துவிட்டு இரைக்குப் போகும். தாய் வராவிட்டால் குட்டி அந்த இடத்தை விட்டு நகராது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தாய் செத்து எத்தனை நாள் ஆகியிருக்கும் என்பதையும் உடம்பைப் பார்த்தே ஊகிக்க முடிந்தது. அன்றைக்குத் தேடியிருந்தால்கூடக் கிடைத்திருக்குமா என்று தெரியாது. தேடவே விடாமல் செய்தவன் நான்.

எப்படிச் செய்தேன் என்பதுதான் என் வாக்குமூலத்திலேயே அசிங்கமான பகுதி. “வாச்சாத்தியை மறந்துட்டீங்களா மாமா?” என்று கேட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வாச்சாத்தி எங்கள் மாவட்டத்து ஊர், அரூர் பக்கம். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். கிணற்றைக்கூட நாசமாக்கினார்கள். 2011இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம். 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்தப் பக்கத்துக் காட்டோர மனிதருக்குக் காக்கிச் சட்டையைக் கண்டால் ஏன் வயிறு கலங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த மக்கள் முப்பது வருடம் கோர்ட்டுக்கு அலைந்து நின்றார்கள். நான் அவர்களுடைய வலியை எடுத்து என் உரிமத்துக்குக் காவல் வைத்தேன். என்னை எந்த வனக்காவலரும் ஒரு சொல் சொன்னதில்லை. என்மேல் எந்தக் காக்கியும் விறகுக்குக்கூட வழக்குப் போட்டதில்லை. எனக்கு இருந்தது கடை போய்விடும் என்கிற பயம் மட்டும். மாமாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் மாறியது. பேசாமல் மண்வெட்டியை எடுத்தார்.

புதைத்தால் நாய் தோண்டும், எரித்துவிடுங்கள் என்று சொன்னதும் நான்தான். தம்பிகளில் ஒருவர் நகத்தைக் கேட்டார், பிள்ளைக்குக் கட்ட. கூடாது என்று தடுத்தேன். மனம் வராமல் அல்ல. நகம் சாட்சியாகிவிடும்.

பிப்ரவரி கடைசியில் சிறுத்தைக் கணக்கெடுப்பு அறிக்கை வந்தது. 2022 நிலவரப்படி நாட்டில் 13,874, தமிழ்நாட்டில் 1,070. முந்தைய கணக்கில் தமிழ்நாட்டில் 868தான். கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அதைப் பேப்பரிலிருந்து சத்தமாகப் படித்தேன். “நல்லாத்தான் பெருகுது” என்றேன். மாமா அங்கேதான் இருந்தார். எழுந்து போனார். இப்போது யோசித்தால், எரித்த இரவைவிட அந்தப் பகல்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு எந்த அவசியமும் இல்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இருந்தும் அப்படி நடித்தேன்.

பட்டிகளுக்கு நிம்மதி வந்ததா? வரவில்லை. கோடையிலேயே இன்னொரு சிறுத்தையின் கால்தடம் ஓடை மணலில் தெரிந்தது. காலியான இடத்துக்கு வேறொன்று வரும். மகாராஷ்டிரத்தில் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர் வித்யா ஆத்ரேயா. ஜுன்னர் பக்கம் கரும்புக்காட்டுச் சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்துத் தூரத்துக் காடுகளில் விட்டார்கள். அதன் பிறகு மனிதர்மேல் தாக்குதல் குறையவில்லை, கூடியது. மக்கள் நெருக்கமாக வாழும் அகோலே பகுதியில் சிறுத்தை எச்சத்தை எடுத்துப் பார்த்தபோது, அது தின்றதில் எடைக்கணக்கில் 39 விழுக்காடு நாய். வெள்ளாடு 11 விழுக்காடுதான், அங்கே நாயைவிட ஆடு பல மடங்கு அதிகம் இருந்தும். நாய் தெருவில் கிடக்கிறது, ஆட்டைப் பட்டியில் போட்டு ஆள் காவல் இருக்கிறார். காவல் இருந்தால் ஆடு தப்பிக்கிறது. விஷயம் அவ்வளவு எளிது.

எங்கள் ஊரில் அந்தக் காவலைக் கொன்றது நான் விற்ற மருந்து. கருப்பன் இல்லாத பட்டியில் புதுச் சிறுத்தை இறங்கியது. ஆயாவின் இரண்டு ஆடு போயிற்று. நஷ்டஈடு கேட்கலாம் என்று யாரோ சொல்லி, மனு, சான்று, கால்நடை மருத்துவர் என்று அந்தக் கிழவி நடந்தார். பிறகு முடியவில்லை என்று விட்டுவிட்டார். மீதி ஆடுகளை நல்லம்பள்ளிச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளினார். ராயக்கோட்டையில் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் நிலம் இப்போது தரிசாகக் கிடக்கிறது.

மாமா என்னிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஒரு பட்டியலில் அவருக்கு என்ன போனது என்று போட வேண்டுமென்றால் தூக்கம் என்றுதான் போட வேண்டும். அவர் வீட்டு அத்தை என்னிடம் சொன்னது அது. ராத்திரி எழுந்து பாறைப் பக்கம் போய் நிற்பாராம், கொஞ்ச நாள். எனக்குத் தூக்கம் நன்றாகத்தான் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பரில், நாகமரை பரிசல் துறைக்கு எதிர்க்கரையில், மேட்டூர் கொளத்தூர்ப் பகுதியில் ஆடுகளைப் பிடித்துவந்த ஒரு சிறுத்தை குண்டுக் காயத்தோடு செத்துக் கிடந்தது. ஆட்களைப் பிடித்தார்கள். எங்கள் ஊர் பேசிக்கொண்டது. நான் பேசவில்லை. அடுத்த வருடம், 2025 ஜூன் 26. மாதேஸ்வரன் மலைச் சரணாலயத்தில், ஹூக்யம் வனச்சரகத்தில், ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. புலி அடித்த மாட்டில் விஷம் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து வருடா வருடம் நடந்து போய்ச் சாமி கும்பிடுகிற மலை அது. ஐந்தும் கிடந்த படத்தைப் பார்த்தேன். அங்கே குட்டிகள் தாயோடு ஒரே இரையைத் தின்று செத்தன. நான் விற்ற இடத்தில் குட்டிகள் விஷத்தால் சாகவில்லை. பசியால் செத்திருக்கும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று அன்றைக்குத்தான் முதல்முறை யோசித்தேன்.

அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். சிறுத்தை முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. ஆட்டைத் தின்றது என்பதற்காகக் கொல்ல யாருக்கும் அனுமதி கிடையாது. மனித உயிருக்கு ஆபத்தானாலோ, மீள முடியாத நோயிலோ ஊனத்திலோ விழுந்தாலோ மட்டும், அதுவும் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் உத்தரவிட்டால்தான். பிரிவு 52 சொல்வது என்னைப் பற்றி. உடந்தையாக இருந்தவரும் செய்தவரே. மாமாவுக்கு என்ன தண்டனையோ அதேதான் எனக்கும். ஆனால் விஷம் வைத்த வழக்குச் செய்திகளைப் படித்துப் பாருங்கள். பிடிபடுவது மாட்டுக்காரர், ஆட்டுக்காரர், கூலிக்காரர். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் பெயரை நான் அதில் அநேகமாகப் பார்த்ததில்லை. கென்யாவில் சிங்கங்களுக்கு இதே கார்பமேட் வகையான கார்போஃபியூரான் வைத்த கதை உலகம் முழுதும் பரவிய பிறகு, 2009இல் அந்த மருந்தைத் தயாரித்த கம்பெனியே அங்கிருந்து சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கு வந்த கூச்சம் எனக்கு வரவில்லை. என் உள் அலமாரியில் குருணை இன்னும் இருக்கிறது. வயலுக்கு வாங்குகிறவரும் உண்டே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன வருடத்திலிருந்து பட்டிக்கு வலை கேட்பவர்களுக்கு லாபம் வைக்காமல் கடனுக்குக் கொடுக்கிறேன். இதை எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது, உங்கள் மனத்தை இளக்கத்தான் எழுதுகிறேனோ என்று. கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆயாவின் பேரன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவனைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். பாம்பு இல்லை என்றேன். மருந்து என்னுடையது என்றேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

“அன்னிக்கே மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழச்சிருக்குமாண்ணா?”

“பொழச்சிருக்கலாம்.”

“ஆயாகிட்ட நீங்களே சொல்லிடுங்க,” என்றான். “நான் சொல்ல மாட்டேன்.”

ராயக்கோட்டைக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை. பென்னாகரம் வனச்சரக அலுவலகம் அதைவிடக் கிட்டம். அங்கேயும் போகவில்லை.